எழுதாத வரிக்குக் கையெழுத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த வரியை எழுதியவன் நான்தான். கடைசி வரை மூடி வைத்துவிட்டு 'அட!' என்று சொல்ல வைக்கிற சாமர்த்தியமெல்லாம் எனக்கு வேண்டாம். மூடி வைத்த லட்சணம் ஏற்கெனவே போதும் போதும் என்றாகிவிட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த மூன்று நாளும் என் மேல் விழ வேண்டிய அடி இன்னொருவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. இது அவரைப் பற்றிய கதை.

ஆபீஸில் அவருக்கு 'ஏன் அக்கா' என்று பெயர். நாற்பத்தொரு வயது. எந்த வேலையைக் கொடுத்தாலும் செய்வார், ஆனால் கையில் வாங்கும் முன் "ஏன்?" என்று ஒரு தடவை கேட்பார். பதில் தெரிந்தவனுக்கு அதில் ஒரு தொந்தரவும் இல்லை. தெரியாதவனுக்குத்தான் எரிச்சல். ஆபீஸில் பாதிப் பேருக்கு அவர்மேல் எரிச்சல் இருந்தது என்றால் கணக்கு உங்களுக்கே புரியும்.

எங்களிடம் வருவதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தவர். வந்த பெட்டி, போன பெட்டி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அந்த மென்பொருள் ஒரு பெட்டியை ஏற்றுவதற்குள் ஏழு தடவை 'நிச்சயமாகவா?' என்று கேட்குமாம். "இதை எவன் எழுதினான்?" என்று கிடங்கு முழுக்கக் கேட்டுப் பார்த்திருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. சரி, நாமே எழுதக் கற்றுக்கொள்வோம் என்று கிளம்பிவிட்டார். நூலகத்தில் ஆளுக்கு ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் கொடுப்பார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தியாகம் செய்து, தினமும் போய் உட்கார்ந்து, இரண்டு வருடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொண்டார். கற்றதையெல்லாம் தன் சொந்த வார்த்தையில் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தார்.

நேர்முகத் தேர்வில் எங்கள் மேலாளர், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டார். ஏன் அக்கா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "நீங்க கத்துக்கறதை எந்த வயசுல சார் நிறுத்தினீங்க?" என்றார். நானும் அந்த அறையில் இருந்தேன். சிரிப்பை அடக்க இருமினேன். மேலாளருக்கு அது கடைசி வரை செரிக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காததால் வேலை கொடுத்தார்.

எங்கள் கம்பெனி டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மொத்தம் பன்னிரண்டு பேர். மருத்துவமனைகளில் வரிசை எண் கொடுப்பதற்கும், 'அடுத்தவர் உள்ளே வரவும்' என்று திரையில் பெயர் காட்டுவதற்கும் மென்பொருள் செய்கிறோம். அதில்தான் நான் அந்தத் திருவிளையாடலைச் செய்தேன்.

விஷயம் இதுதான். 'அறை' என்று ஒரு கிளாஸ் எழுதினேன். கிளாஸ் என்பது அச்சு மாதிரி. அதிலிருந்து எத்தனை அறை வேண்டுமானாலும் வார்த்து எடுக்கலாம். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக இருக்க வேண்டியவை உண்டு: டாக்டர், காத்திருப்பவர்களின் பட்டியல். எல்லா அறைக்கும் பொதுவானவையும் உண்டு: மருத்துவமனையின் பெயர், மணியைத் திரையில் அழகாகக் காட்டும் ஒரு சின்ன ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்து தரும் சில வரிகள். பொதுவானவற்றுக்கு முன்னால் 'ஸ்டாட்டிக்' என்று ஒரு வார்த்தை போடுவோம். போட்டால் அது அந்த அச்சின் சொத்து. வார்த்து எடுத்த எந்த அறைக்கும் சொந்தமில்லை.

நான்கு வருடத்துக்கு முன், ஆளைப் பட்டியலில் சேர்க்கும் ஃபங்ஷனை யோசிக்காமல் ஸ்டாட்டிக்காக எழுதிவிட்டேன். அச்சுக்குச் சொந்தமான ஃபங்ஷன் அச்சிடம்தானே பட்டியலைத் தேடும்? அங்கே ஏது பட்டியல்? திரையில் சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. எனக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். பட்டியலுக்கு முன்னாலும் ஒரு 'ஸ்டாட்டிக்' போட்டேன். சிவப்பு மறைந்தது. மறைந்தால் போதும் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஏன் மறைந்தது என்று கேட்க அப்போது ஏன் அக்கா எங்கள் மாடிப்படியைக்கூட மிதித்திருக்கவில்லை.

அந்த மருத்துவமனையில் நான்கு வருடமும் கண் அறை ஒன்றுதான். ஒரே அறை என்றால் பொது என்ன, தனி என்ன? எல்லாம் ஒழுங்காக ஓடியது. போன மாதம் அவர்கள் பல் அறை ஒன்றைத் திறக்கப் போவதாகச் சொன்னார்கள். 'அறை' என்ற கிளாஸிலிருந்து கண் அறைக்கு ஒரு பிள்ளை கிளாஸ், அதாவது அந்த அச்சின் சொத்தையெல்லாம் அனுபவிக்கிற கிளை அச்சு, ஏற்கெனவே இருந்தது. பல் அறைக்கும் ஒரு பிள்ளை கிளாஸைச் சேர்த்து நானே சோதித்தும் பார்த்தேன். கண்ணுக்கு ஒரு ஆளைச் சேர்த்தேன், பல்லுக்கு ஒரு ஆளைச் சேர்த்தேன். கண்ணில் 'அடுத்தவர்' அழுத்தினேன், பல்லில் 'அடுத்தவர்' அழுத்தினேன். அச்சுப் பிசகாமல் சரியாக வந்தது. எண்களும் இரண்டு அறைக்கும் தனித்தனியாக ஒன்று, இரண்டு என்று ஓடின. இதற்குமேல் என்ன வேண்டும் என்று அனுப்பிவிட்டேன்.

நிஜ டாக்டர்கள் என்னைப் போல முறை வைத்து அழுத்துவார்களா? பல் அறை திறந்த முதல் நாளான வியாழக்கிழமை, கண் டாக்டர் ஒருவரைப் பார்த்து முடிப்பதற்குள் பல் டாக்டர் மூன்று தடவை அழுத்திவிட்டார். கண்ணுக்கு வந்து நான்காம் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் பெயர் பல் அறை வாசலில் ஒளிர்ந்தது. உள்ளே போனார். "நாலாம் நம்பரா?" என்று கேட்டார் டாக்டர். ஆமாம், நாலுதான். பல் அறையிலும் ஒரு நாலாம் நம்பர் இருந்ததால் அந்த அட்டையை எடுத்துப் பார்த்து, தாடை மரத்துப்போக ஊசியும் போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் பெரியவர், "கண்ணுக்கு எதுக்கு டாக்டர் வாயில ஊசி?" என்று கேட்டிருக்கிறார். பாதி நாக்கு மரத்துப்போய்விட்டதால் அதை மூன்று தடவை கேட்க வேண்டியிருந்ததாம்.

நல்ல வேளை, பல் தப்பியது. ஆனால் பெரியவரின் மகன் மருத்துவமனையை இரண்டாக்கிவிட்டார். மருத்துவமனை எங்களைப் பிடித்துக்கொண்டது. மென்பொருளை நிறுத்திவிட்டு, கையால் சீட்டு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். யார் செய்த தப்பு என்று எழுத்துமூலம் வேண்டும், திங்கள்கிழமை நிர்வாகி நேரில் வருவார் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் அந்த ஃபைலின் சரித்திரத்தைத் திரையில் திறந்தார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரை அது காட்டும். நானூறு வரி. நானூறிலும் ஏன் அக்காவின் பெயர். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன், எல்லா ஃபைலிலும் வரி ஆரம்பிக்கிற இடம் ஒரே அளவு தள்ளியிருக்க வேண்டும் என்று மேலாளர் உத்தரவு போட்டார். யாரும் சீண்டாத அந்த வேலையை ஏன் அக்காவின் தலையில் கட்டினோம். அவர் ஒரு ஃபைல் விடாமல் செய்து முடித்தார். அந்த வரிகளில் அவர் சேர்த்ததெல்லாம் முன்னால் இரண்டு வெற்றிடம்தான். ஆனால் தொட்டவர் அவர்.

மேலாளர் ஒரு தாளை நீட்டினார். 'மேற்படி தவறு எனது கவனக்குறைவால் நேர்ந்தது. மீண்டும் இதுபோல் நேர்ந்தால் என்னை வேலையிலிருந்து நீக்க முழுமனதுடன் சம்மதிக்கிறேன்.' கீழே ஏன் அக்காவின் பெயர் தட்டச்சாகி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"நான் ஸ்பேஸ் மட்டும்தான் சார் மாத்தினேன். நீங்க சொல்லித்தான் மாத்தினேன்."

"அதை யாரும்மா நம்புவாங்க? ரெக்கார்டுல உங்க பேருதான் இருக்கு."

"ரெக்கார்டு, கடைசியா யார் தொட்டாங்கன்னு சொல்லும் சார். யார் எழுதினாங்கன்னா சொல்லுது?"

"திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டா வேலை இருக்கும். இல்லேன்னா திங்கக்கிழமையோட முடிச்சுக்கலாம். யோசிச்சு முடிவு பண்ணுங்க."

வெற்றிடங்களைக் கணக்கில் எடுக்காமல் உண்மையில் எழுதியவர் யார் என்று அதே சரித்திரத்தைக் கேட்க முடியும். ஒரு எழுத்து கூடுதலாக அடித்தால் போதும். மேலாளர் நிரல் எழுதிப் பத்து வருடம் ஆகிறது, அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கதவருகே ஒரு ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஏதோ முக்கியமாகப் படிப்பவன் போல நின்றேன். ஃபைல் தலைகீழாக இருந்தது.

அதைவிடக் கேவலம் சனிக்கிழமை நடந்தது. "நீ சொன்னா கேப்பாங்கப்பா, வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு வா" என்று மேலாளர் என்னையே அனுப்பினார். நானும் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்கு ஒரு கௌரவமான பதில் கிடைக்கவில்லை.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் கதவைத் திறந்தாள். கூடத்தில் ஏன் அக்காவின் கணவர், ஏ.சி. மெக்கானிக், ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"நானும் அதைத்தான் சார் தலைதலையா அடிச்சுக்கறேன். ஒரு கையெழுத்துதானே? பொண்ணு பரீட்சை எழுதுற வருஷம், இப்போ எதுக்கு வம்பு?"

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "அம்மா போட மாட்டாங்கப்பா. நீங்க ஸ்க்ரூவைத் தொலைச்சுடாதீங்க."

ஏன் அக்கா டீயோடு வந்தார். கணவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். என்னை விட்டுவிட்டு அவரிடம்தான் பேசினார்.

"இங்க பாருங்க. ஒரு அப்பா, ரெண்டு பிள்ளைங்க. அப்பா வீட்ல ஒரு கடிகாரம், ஒரு அண்டா. மூத்தவனுக்குக் கடிகாரத்துல நேரம் மாத்தணும்னா அப்பாவோடதைத் தொட மாட்டான். தனக்குன்னு ஒண்ணு வாங்கி மாத்திக்குவான். சின்னவனும் அப்படித்தான். அதான் நம்பர் எல்லாம் தனித்தனியா ஓடுது. ஆனா அண்டாவுல தண்ணி ஊத்தணும்னா? புது அண்டா வாங்கறதில்ல. ரெண்டு பேரும் அப்பா வீட்டு அண்டாவுலயே ஊத்தறாங்க. காத்திருக்கிறவங்க பட்டியல் அந்த அண்டா. கண்ணும் பல்லும் அதுக்குள்ளதான் கலந்து கெடக்கு."

கணவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "அப்போ நம்பரைப் பார்த்தா தனியாத்தான் தெரியும்?"

"அதான் யாரும் கண்டுபிடிக்கல. நான் இப்போ கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்? காரணம் கிடைச்சாச்சு, நான்தான் காரணம்னு எல்லாரும் கையைக் கழுவிட்டுப் போயிடுவாங்க. அண்டா அப்படியே இருக்கும். நாளைக்கு காது அறை ஒண்ணு திறப்பாங்க."

"சரி, இதை எழுதினவன் வாயைத் திறக்க மாட்டானா?"

"எழுதினவருக்குத் தெரியும்" என்றார் ஏன் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, டீக்குச் சர்க்கரை போதுமா?"

போதும் என்றேன். சர்க்கரை போட்டிருந்தாரா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அந்த நொடியில் புரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடித்து முடித்து, "யோசிச்சுப் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்தவன் நான். யோசித்து என்ன கிழித்தேன்? ஒன்றுமில்லை.

திங்கள்கிழமை பதினோரு மணிக்கு மருத்துவமனை நிர்வாகி வந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட, வளவளவென்று பேசாத அம்மா. கண்ணாடி மேசையைச் சுற்றி நாங்கள் நாலு பேர். மேலாளர் நலம் விசாரித்து முடித்து, கடிதத்தை ஏன் அக்காவின் பக்கம் தள்ளி, மேலே ஒரு பேனாவையும் வைத்தார்.

ஏன் அக்கா பேனாவை எடுத்துக் கடிதத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு, தன் மடிக்கணினியை நிர்வாகியின் பக்கம் திருப்பினார்.

"மேடம், ரெண்டு நிமிஷம். இது எங்க சோதனை. கண்ணுக்கு ஒருத்தர், பல்லுக்கு ஒருத்தர். கண்ணுல அடுத்தவர், பல்லுல அடுத்தவர். சரியா வருதா? இப்போ உங்க இடத்துல நடக்கிற மாதிரி செய்யறேன். கண்ணுக்கு ரெண்டு பேர், பல்லுக்கு ரெண்டு பேர். கண் டாக்டருக்கு நேரமாகுது. பல் டாக்டர் முதல்ல அழுத்தறார்."

பல் அறையின் திரையில் கண் நோயாளி வந்து நின்றார்.

"இதேதான்!" என்றார் நிர்வாகி. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அன்னைக்கு இதேதான் நடந்துச்சு."

"இந்த வார்த்தைதான் மேடம் காரணம்" என்று ஏன் அக்கா திரையில் விரலை வைத்தார். "ஸ்டாட்டிக். எல்லாருக்கும் பொதுன்னு அர்த்தம். இது கெட்ட வார்த்தை இல்ல. உங்க மருத்துவமனைப் பேரு பொதுவா இருக்கட்டும், எல்லா அறைக்கும் அதே பேருதானே. மணி காட்டுற ஃபங்ஷன் பொதுவா இருக்கட்டும், அதுக்கு எந்த அறைன்னு தெரிய வேண்டியதே இல்ல. ஆனா காத்திருக்கிற ஆளு ஒரு அறை வாசல்லதான் காத்திருக்கார். அவரைப் பொதுவுல போடக் கூடாது."

இரண்டு இடத்தில் அந்த வார்த்தையை அழித்தார். அறை உருவாகும்போதே அதற்கென்று ஒரு பட்டியல் பிறக்கும்படி ஒரு வரி எழுதினார். ஆளைச் சேர்க்கிற இடங்களில் கிளாஸின் பெயரை எடுத்துவிட்டு அந்தந்த அறையைக் கூப்பிட வைத்தார். மறுபடி ஓட்டினார். பல்லை எத்தனை தடவை அழுத்தினாலும் பல்தான் வந்தது. நான்கு வருடத் தப்பைச் சரிசெய்ய அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"சரி, இதை எழுதினது யாரு?" என்று கேட்டார் நிர்வாகி.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "ரெக்கார்டுல பார்த்தீங்கன்னா..."

"ரெக்கார்டை, ஸ்பேஸைக் கணக்குல எடுக்காமச் சொல்லுன்னு கேட்டா சரியான பேரைச் சொல்லும் சார்" என்றார் ஏன் அக்கா. "வெள்ளிக்கிழமையே கேட்டுட்டேன். இப்போ எல்லார் முன்னாடியும் கேக்கட்டுமா?"

விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றன. என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அழுத்தவும் இல்லை. எனக்காகத்தான் நிற்கிறார் என்று தெரிந்தது.

"நான்தான் எழுதினேன்" என்றேன். இதை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாட்டிக்கொள்வதற்கு ஒரு விநாடி முன்னால் ஒப்புக்கொண்டேன், அவ்வளவுதான்.

மேலாளர் என்னைப் பார்த்தார். பிறகு, நம்புவீர்களோ மாட்டீர்களோ, சிரித்தார். "அட விடுப்பா. எத்தனை வருஷமா எழுதற, ஒரு வார்த்தை முன்னப்பின்ன போறதுதான். யாருக்கும் நடக்கிறதுதானே? மேடம், ஒரு சின்னச் சிக்கல், இப்போ சரியாயிடுச்சு." பேசிக்கொண்டே கடிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. தலை தப்பியது என்று சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

"அந்தக் கடிதத்தை வெளிய எடுங்க சார்" என்றார் ஏன் அக்கா.

"அதான் முடிஞ்சுடுச்சேம்மா."

"எனக்கு முடியல. வெள்ளிக்கிழமை இது கவனக்குறைவு. ஆளை வேலையை விட்டுத் தூக்கற அளவுக்குக் கவனக்குறைவு. இன்னைக்கு யாருக்கும் நடக்கிறதா? நடுவுல என்ன சார் மாறுச்சு? தப்பு மாறல. பேருதான் மாறுச்சு."

மேலாளர் வாயைத் திறந்தார். ஏன் அக்கா விடவில்லை.

"இந்த மாதிரி கடிதம் ஒருத்தருக்கும் கூடாதுன்னா என் கண் முன்னாடி கிழிங்க. எனக்குச் சந்தோஷம்தான். கூடும்னா, அவர் பேரைப் போட்டு அடிச்சுட்டு வாங்க. எனக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயம்னு வச்சுக்கிட்டு என்னை இங்க வேலை செய்யச் சொல்லாதீங்க."

கிழித்திருக்கலாம். கிழித்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். ஆனால் நிர்வாகி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எனக்குக் கடிதம் வேணும். அந்தப் பெரியவர் பையனுக்குக் காட்டணும்" என்று முடித்துவிட்டார்.

பிரின்டரிலிருந்து தாள் சூடாக வந்தது. அதே இரண்டு வாக்கியம், ஒரு புள்ளி மாறவில்லை, பெயர் மட்டும் என்னுடையது. 'என்னை வேலையிலிருந்து நீக்க முழுமனதுடன் சம்மதிக்கிறேன்.' என் பெயருக்கு மேலே அதை இரண்டு தடவை படித்தேன். இதில் கையெழுத்துப் போடு என்று கேட்கத்தான் அவர் வீட்டுக்கு நடந்து போய், அவர் கையால் டீ வாங்கிக் குடித்தேன்.

ஏன் அக்கா பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார். மூன்று வருடமாக என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டு வந்தார்.

"போடுங்க சார்."

போட்டேன். எழுத்து கோணலாக விழுந்தது. பேனாவை மூடப் போனேன்.

"தேதியும் போடுங்க" என்றார்.